வெல்லத்தின் நிறம்: தருமபுரி மளிகைக் கடை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மார்கழி கடைசி வாரம். 2024 பொங்கலுக்கு நான்கு நாள்தான் இருந்தது. தருமபுரி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் என் அண்ணன் மளிகைக் கடை வாசலில் இரண்டு வெல்லக் கூடைகள் அடுத்தடுத்து இருந்தன. ஒன்றில் பளிச்சென்ற மஞ்சள் வெல்லம். இன்னொன்றில் புளியங்கொட்டை நிறத்தில் கருத்த வெல்லம். இரண்டும் குண்டு வெல்லம்தான், இரண்டும் நம் மாவட்டத்துக் கரும்புதான். அன்று சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரை கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கருத்த கூடைக்கு ஒருவர்கூடக் கை நீட்டவில்லை. விலை கேட்கவில்லை. இது என்ன என்றும் கேட்கவில்லை. கண் அந்தக் கூடையைத் தாண்டிப் போனது, அவ்வளவுதான்.

அவர்களுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. அன்று வந்த பள்ளி ஆசிரியை ஒருவர், "மஞ்சளா இருந்தா மருந்து போட்டதுன்னு வாட்ஸ்அப்புல வருதேண்ணா" என்று சொல்லிக்கொண்டே மஞ்சள் வெல்லத்தில் இரண்டு கிலோ போடச் சொன்னார். வாய் சொன்னதைக் கை கேட்கவில்லை. இந்த ஆய்வு அந்தக் கையைப் பற்றியது.

கடை

அப்பா காலத்துக் கடை. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் சுற்றுவட்டாரத் தெருக்காரர்கள், மாதக் கணக்கு வைத்திருப்பவர்கள். மீதிப் பேர் பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வந்து சாமான் வாங்கிப் போகிறவர்கள். நான் கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். நுகர்வோர் நடத்தை என்ற பாடத்துக்கு வருஷம் முழுக்க அமெரிக்க சூப்பர் மார்க்கெட் உதாரணங்களைச் சொல்லிக்கொண்டிருந்தவள், சொந்த அண்ணன் கடையை அந்தக் கண்ணோடு பார்த்ததில்லை. அந்த மார்கழிச் சாயங்காலத்துக்குப் பிறகு, ஆனி முடியும் வரை வாரத்தில் மூன்று நாள் கடையில் உட்கார்ந்து ஒரு நோட்டில் குறித்துவந்தேன். வந்தவர் முதலில் எதைத் தொட்டார், பை கொண்டுவந்தாரா, என்ன கேட்டார் என்று மூன்று பத்தி. நான்காவதாக, கேட்காமலேயே அண்ணன் எதை எடுத்துக் கொடுத்தார் என்று ஒரு பத்தியை நடுவில் சேர்த்தேன். இந்த ஆய்வில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் அந்த நான்காவது பத்தியில்தான் இருந்தது.

மஞ்சள் என்றால் சுத்தமா

1920-இல் எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர், ராணுவ அதிகாரிகள் தம் கீழுள்ளவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களை ஆராய்ந்தார். ஆள் தோற்றத்தில் எடுப்பாக இருந்தால் அறிவு, தலைமைப் பண்பு, ஒழுக்கம் எல்லாவற்றிலுமே அவருக்கு மதிப்பெண் கூடியிருந்தது. ஒரு நல்ல அம்சத்தின் வெளிச்சம் மற்றவற்றின் மேலும் விழுந்துவிடுகிறது. வெல்லத்திலும் அதேதான் நடக்கிறது. மஞ்சளாக இருக்கிறது, அதனால் சுத்தமாக இருக்கும், புதியதாக இருக்கும், பாகு நன்றாக வரும். தீட்டிய அரிசியின் வெள்ளை, சீனியின் வெள்ளை, கண்ணாடி மாதிரி எண்ணெய் என்று இரண்டு மூன்று தலைமுறையாக நம் கண் இப்படித்தான் பழகியிருக்கிறது.

இதை முட்டாள்தனம் என்று நான் சொல்லமாட்டேன். அழுக்கு சரியாக எடுக்காமல் காய்ச்சிய வெல்லமும் கருப்பாகத்தான் வரும். அந்தக் காலத்தில் நிறம் பார்த்து வாங்கியவர்களுக்கு நிறம் ஓரளவு உண்மையைச் சொன்னது. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1974-இல் எழுதியதும் இதைத்தான். மனம் பிடித்துக்கொள்ளும் குறுக்குவழிகள் பெரும்பாலும் பயன்படுகின்றன, சில இடங்களில் மட்டும் எல்லோரையும் ஒரே திசையில் தவறவிடுகின்றன. நிறம் முன்பு காய்ச்சியவரின் கைப்பக்குவத்தைக் காட்டியது. இப்போது ஒரு கரண்டிப் பொடியைக் காட்டுகிறது.

கொப்பரைப் பக்கம்

அந்தப் பொடியைக் கண்ணால் பார்க்க மாசியில் கடத்தூர் பக்கம் ஒரு கரும்பு ஆலைக்கு அண்ணனோடு போனேன். காய்ந்த சக்கையை அடுப்பில் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். வாய் அகன்ற கொப்பரையில் சாறு பச்சையும் சாம்பலுமான நிறத்தில் கொதித்தது. வெண்டைச் செடித் தண்டை நசுக்கி ஊறவைத்த கொழகொழத் தண்ணீரை ஒரு குடம் ஊற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் அழுக்கெல்லாம் போர்வை மாதிரித் திரண்டு மேலே வந்தது. நீளக் காம்பு போட்ட சல்லடைக் கரண்டியால் அதை அள்ளி அள்ளி ஓரத்தில் கொட்டினார்கள். சுண்ணாம்பும் சேர்த்தார்கள். இதுவரை எல்லாம் எங்கள் தாத்தா காலத்து முறைதான்.

பாகு திரள ஆரம்பித்தபோது அது காப்பித் தண்ணீர் நிறத்தில் இருந்தது. ஆலைக்காரர் ஒரு டப்பாவைத் திறந்து வெள்ளைப் பொடியை ஒரு கரண்டி எடுத்துத் தூவிக் கிளறினார். தீக்குச்சி கிழித்த மாதிரி ஒரு நெடி மூக்கில் ஏறியது. அந்தக் காப்பி நிறம் எங்கள் கண்ணெதிரே வெளுத்து மஞ்சளானது. அதுதான் ஹைட்ரோஸ், சோடியம் ஹைட்ரோசல்பைட். சாறில் உள்ள நிறத்தை வெளுக்க வைக்குமே தவிர அழுக்கை எடுக்காது. நாள்பட்டால் அந்த வெல்லம் மறுபடி கருக்கத் தொடங்கும். அதில் தங்கும் கந்தகச் சேர்மம் ஆஸ்துமாக்காரர்கள் சிலருக்கு மூச்சுத் தொல்லையைக் கிளப்பும்.

ஆலைக்காரர் எதையும் மறைக்கவில்லை. "கருப்பாக் காய்ச்ச எனக்கென்னம்மா கசக்குதா? எங்க வீட்டுக்குத் தனியா கருப்புதான் எடுத்து வெச்சுக்கறோம். மண்டியில சிப்பத்தைப் பிரிச்சதும் மொதல்ல நெறத்தைத்தான் பாக்கறாங்க. கருப்புன்னா வெலையை எறக்கிடறாங்க. மண்டிக்காரரைக் கேட்டா கடைக்காரன் கேக்கறான்னு சொல்றாரு. இதோ கடைக்காரர் நிக்கறாரு, அவரைக் கேளுங்க."

அண்ணன் பதில் சொல்லவில்லை. திரும்பி வரும்போது வண்டியில், "ஜனங்க கேக்கறதைத் தானே நான் வாங்கி விக்க முடியும்" என்றார்.

நிறத்துக்காக இதைவிட மோசமான ஒரு வேலையும் நடக்கிறது. கரும்பு சுமாராக இருந்தால் பொடி மட்டும் போட்டு அந்த மஞ்சள் வராது. அப்போது சீனியைக் கொட்டிக் கரைக்கிறார்கள். சேலம் வட்டாரத்தில் உணவுப் பாதுகாப்புத் துறை சோதனை போட்டு வெல்ல ஆலைகளிலிருந்து சீனி மூட்டைகளைப் பறிமுதல் செய்த செய்திகள் நாம் படித்தவைதான். யோசித்துப் பாருங்கள். ஒரு சர்க்கரை ஆலை கரும்பை அரைத்து, காய்ச்சி, வெளுத்து, மூட்டை கட்டி லாரியில் அனுப்புகிறது. அதை இன்னொருவர் வாங்கி, மறுபடி தீ மூட்டிக் கரைத்து, வெல்லம் என்று உருட்டுகிறார். இரண்டு முறை எரிபொருள், இரண்டு முறை போக்குவரத்து. எங்களுடையது மானாவாரி மாவட்டம். கரும்போ தண்ணீரை உறிஞ்சும் பயிர். அப்படி விளைந்த கரும்புக்கு மண்டியில் மதிப்பில்லாமல் போக நம் கண்ணுக்குப் பிடித்த ஒரு நிறம் போதுமானதாக இருக்கிறது. நீடித்த நுகர்வு என்று கூட்டங்களில் பேசும் விஷயம் எனக்கு அந்தக் கொப்பரை ஓரத்தில்தான் புரிந்தது.

பலகை செய்த வேலை

என் முதல் யோசனை பலகை. "ரசாயனம் சேர்க்காத நாட்டு வெல்லம்" என்று எழுதி கருத்த கூடைமேல் வைத்தோம். கருப்பு கிலோ 70 ரூபாய், மஞ்சள் 60. நல்ல கரும்பாகப் பார்த்து, நாலு தடவை அழுக்கெடுத்து, தனியாகக் காய்ச்சிக் கொடுப்பதால் ஆலைக்காரர் அந்த விலை சொன்னார்.

பலகையைப் பார்த்து முதல் நாளே ஒருவர், "அப்ப இந்தப் பக்கம் இருக்கறதுல ரசாயனமா?" என்று கேட்டார். அண்ணனுக்கு வாயடைத்துப்போனது. இன்னும் சிலர், "இது இனிக்குமா?" என்று சந்தேகப்பட்டார்கள். நல்லது என்று எழுதிவிட்டாலே ருசி குறைவு, சக்தி குறைவு என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. 2010-இல் மைக்கேல் லக்ஸும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வில் இதே போக்கு பதிவாகியிருக்கிறது. வீரியம் வேண்டும் என்று மக்கள் நினைக்கும் பொருள்களில் சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்ற பெயர் விற்பனைக்கு உதவுவதில்லை, அந்தப் பொருள் சரியாக வேலை செய்யாது என்ற எண்ணத்தைத்தான் வளர்க்கிறது.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொரு ஆள். ஐம்பது வயதைத் தாண்டியவர், இரண்டு கிலோ கருப்பு வெல்லம் வாங்கினார். "சுகர் இருக்குதுங்க மேடம். சீனியை அறவே விட்டுட்டேன். இதை எவ்ளோ வேணா சேத்துக்கலாமாம்" என்றார். வெல்லத்திலும் பெரும்பங்கு சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். கருப்போ மஞ்சளோ, ரத்தச் சர்க்கரை ஏறத்தான் செய்யும். நாங்கள் எழுதிய "நாட்டு" என்ற சொல் அவர் கண்ணில் மருந்தாகத் தெரிந்திருக்கிறது. மஞ்சளுக்கு இருந்த வெளிச்சத்தைப் பிடுங்கிக் கருப்புக்கு ஏற்றிவிட்டோம், அவ்வளவுதான் நடந்தது. அவருக்கு எடுத்துச் சொல்லி கால் கிலோ மட்டும் கொடுத்து அனுப்பினேன். அன்று ராத்திரியே பலகையை மாற்றினோம்: "ஹைட்ரோஸ் போடாத வெல்லம். சர்க்கரை நோய்க்காரர்களுக்கு இதுவும் சீனியும் ஒன்றுதான்." அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "இது யாவாரம் பண்ற பலகையா பாப்பா?" என்று கேட்டார். ஆனாலும் மாட்டினார்.

ஆயா கேட்டது

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம். பென்னாகரம் பக்கத்திலிருந்து வருகிற ஒரு ஆயா, கையில் சாயம் போன மஞ்சப்பை, முந்தானையில் முடிந்த பணம். "தம்பி, அரைக் கிலோ வெல்லம்" என்றார். அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மஞ்சள் வெல்லத்தைத் தராசில் வைத்தார். ஆயா ஒரு ஓரத்தைக் கிள்ளி நாக்கில் வைத்தார். சப்பிப் பார்த்துவிட்டு மீதியைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது வேணாம்பா. அந்தக் கருப்பைக் குடு."

"அது வெலை ஜாஸ்தி ஆயா."

"வெலையை நான் கேட்டனா?"

கருப்பு உருண்டையை எடுத்து முதலில் முகர்ந்தார். பிறகு கிள்ளினார். "இதுலதான் கரும்பு வாசன வருது. களிக்குத் தொட்டுக்க இதுதான் சரி" என்று சொல்லிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் கண்ணை நம்பவில்லை. மூக்கையும் நாக்கையும் நம்பினார்.

அன்று ராத்திரி நோட்டின் நான்காவது பத்தியைத் தனியாக எடுத்து வரிசையாகப் பார்த்தேன். அண்ணன் யாரிடமெல்லாம் கருப்பு வெல்லத்தைத் தாமாகச் சொல்லியிருக்கிறார்? காரில் வந்தவர்கள், டாக்டர் வீட்டுக்காரர்கள், பேச்சில் நாலு ஆங்கிலச் சொல் கலந்தவர்கள். பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஒரு தடவைகூட இல்லை. அண்ணனிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "பத்து ரூவா அதிகம், பாவம்னு நெனச்சேன்" என்றார். உண்மையில் அப்படித்தான் நினைத்திருப்பார், என் அண்ணனை எனக்குத் தெரியும். அதே நோட்டில் என் கையெழுத்தில் "வசதி இல்லாதவர்" என்று பல இடங்களில் எழுதியிருந்தது. யாரையும் கேட்டு எழுதவில்லை. செருப்பையும் சேலையையும் பார்த்து எழுதியிருக்கிறேன்.

வாங்குகிறவரின் மனச்சாய்வைப் படிக்கப் போன நான் விற்கிறவரின் மனச்சாய்வில் வந்து நின்றேன். எடுத்துக் காட்டாத பொருளை யாரும் வாங்கவில்லை. வாங்காததையே ஆதாரமாக வைத்து, ஜனங்களுக்கு மஞ்சள்தான் வேண்டும் என்று நம்பினோம். அதே நம்பிக்கை மண்டிக்குப் போய், மண்டியிலிருந்து ஆலைக்குப் போய், ஹைட்ரோஸ் டப்பாவாகத் திரும்பி வந்திருக்கிறது.

மாற்றியது

பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. இரண்டு வெல்லத்தையும் பொடியாக உடைத்து மூடி போட்ட ஒரு தட்டில் வைத்தோம். யார் வந்தாலும், காரில் வந்தாலும் நடந்து வந்தாலும், ஒரே வாக்கியம்: "ரெண்டு இருக்குது, கிள்ளிப் பாத்துச் சொல்லுங்க." விலையைக் கிலோவுக்கு எழுதாமல் கால் கிலோவுக்கு எழுதினோம். எங்கள் கடையில் பலரும் வாங்குவது கால் கிலோ, அரைக் கிலோதான். 60, 70 என்று பார்க்கும்போது உறுத்திய இடைவெளி 15, 17.50 என்று பார்க்கும்போது உறுத்தவில்லை. இது பொய்க் கணக்கு இல்லை, அவர்கள் வாங்கும் அளவுக்கான விலைதான். முதலில் கண்ணில் படும் எண்ணை வைத்துத்தான் மனம் மீதியை அளக்கிறது.

மார்கழியில் வாங்கிய ஒரு சிப்பம், முப்பது கிலோ, பங்குனி வரை கிடந்தது. சித்திரைக்குப் பிறகு மாதம் இரண்டு சிப்பம் போனது. கிராமத்து வாடிக்கையாளர்கள்தான் முதலில் மாறினார்கள், தெருக்காரர்கள் பிறகுதான்.

கல்யாண ஆர்டர்களில் மட்டும் அணுவளவும் மாறவில்லை. சீர்த் தட்டில் வைக்கும் வெல்லம் பளிச்சென்று இருக்கவேண்டும் என்பதில் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. அண்ணியே, "சாமிக்கு வைக்கற பொங்கல் கருத்துக் கெடந்தா மனசு ஒப்பாது" என்றார். இதையும் மனச்சாய்வு என்று ஒரே கூடையில் போட எனக்கு மனம் வரவில்லை. மங்களம் என்று ஒரு நிறத்தைப் பிடித்துக்கொள்வதில் ஒரு மரியாதை இருக்கிறது. அதில் நாங்கள் கை வைக்கவில்லை.

பரணில் இருந்த பைகள்

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்ற இயக்கமும் வந்தது. அண்ணன் சட்டத்துக்குப் பயந்தவர், பாலிதீன் பையை அப்போதே நிறுத்திவிட்டார். அதற்குப் பதிலாகக் கொடுத்துவந்தது துணி மாதிரி இருக்கும் நான்-ஓவன் பை. அதைத் துணி என்றே நம்பியிருந்தார். ஒரு நாள் அதன் ஓரத்தில் தீக்குச்சி வைத்துக் காட்டினேன். துணி கருகிச் சாம்பலாகும். இது சுருங்கி, உருகி, சொட்டுச் சொட்டாக உருண்டு நின்றது. பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக், தடைப் பட்டியலில் உள்ளதுதான். தொட்டால் சொரசொரவென்று இருந்ததால் துணி என்று கை நம்பிவிட்டது. வெல்லத்தில் கண் செய்ததை இங்கே கை செய்தது.

அதை நிறுத்திவிட்டு, பை கொண்டுவருகிறவர்களுக்கு இரண்டு ரூபாய் குறைத்தோம். எல்லோரும் மகிழ்ச்சியாகச் சிரித்தார்கள், யாரும் மாறவில்லை. அடுத்து, பை வேண்டும் என்றால் ஐந்து ரூபாய் என்று காகிதப் பைக்கு விலை வைத்தோம். இரண்டே வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது. கிடைக்கிற ரூபாயைவிட இழக்கிற ரூபாய் அதிகம் வலிக்கும் என்று கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இல் காட்டியதுதான் இது. எங்கள் கணக்கில் இரண்டு ரூபாய்க்கும் ஐந்து ரூபாய்க்கும் வித்தியாசம் இருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். வாஷிங்டன் நகரை ஒட்டிய பகுதிக் கடைகளில் தாத்தியானா ஹோமோனாஃப் செய்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு பக்கமும் ஒரே தொகை, ஐந்து சென்ட். ஊக்கத்தொகையாகக் கொடுத்த ஐந்து சென்ட் எந்த அசைவையும் உண்டாக்கவில்லை. கட்டணமாக வாங்கிய ஐந்து சென்ட், பை வாங்குகிறவர்களின் விகிதத்தை நாற்பது சதவீதப் புள்ளிக்கு மேல் இறக்கியது.

ஆனால் மாதக் கணக்குக்காரர்கள் முகம் சுளித்தார்கள். "இருபது வருஷமா வரேன், அஞ்சு ரூவாய்க்குக் கணக்கு எழுதறியாப்பா?" என்று ஒரு பெரியவர் கேட்டதும் அண்ணன் தளர்ந்துபோனார். புதுத் துணிப்பை அச்சடித்துக் கொடுக்கலாம் என்றார். நான்தான் தடுத்தேன். டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை 2018-இல் போட்ட கணக்கில், சாதாரணப் பருத்திப் பை ஒன்று பருவநிலைப் பாதிப்பில் பிளாஸ்டிக் பைக்குச் சமமாகவே 52 தடவை பயன்பட வேண்டும். தண்ணீர் உள்பட எல்லாப் பாதிப்பையும் சேர்த்துப் பார்த்தால் 7,100 தடவை. புதிதாக நெய்து வாங்கி இன்னொரு குவியல் சேர்ப்பது எதற்கு?

குவியல் ஏற்கெனவே வீட்டில் இருந்தது. அண்ணி பரணிலிருந்து தாம்பூலப் பைகளை இறக்கினார், நாற்பதுக்கு மேல். ஒவ்வொன்றிலும் மணமக்கள் பெயர், தேதி, மண்டபம். தேங்காயும் வெற்றிலையும் வைத்து ஒரே ஒரு தடவை வீட்டுக்கு வந்து, மடித்த மடிப்புக் கலையாமல் கிடந்தவை. கடை வாசலில் ஒரு ஆணி அடித்து மாட்டினோம். எடுத்துப் போங்கள், அடுத்த முறை வரும்போது இதையோ உங்கள் வீட்டில் கிடப்பதையோ கொண்டுவந்து மாட்டுங்கள். ஒரு அம்மா ஒரு பையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயோ, இது எங்க நாத்தனார் பொண்ணு கல்யாணத்துப் பையில்ல?" என்று கடையே திரும்பிப் பார்க்கச் சத்தம் போட்டுச் சிரித்தார். மறுநாள் ஒரு கட்டு கொண்டுவந்தார். எந்தப் பலகையும் எழுதாமல் அந்த ஆணி நிறைந்தே இருக்கிறது. ஐந்து ரூபாய்க் கட்டணத்தையும் எடுக்கவில்லை, ஆனால் இப்போது அதைக் கட்டுகிறவர் அரிது.

ஒன்றை மறைக்கக் கூடாது. பை கொண்டுவந்த சிலர் அன்றைக்குக் கூடுதலாகச் சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் பாக்கெட் என்று எடுத்ததை நோட்டில் குறித்திருக்கிறேன். கலிபோர்னியாவில் ஒரு சூப்பர் மார்க்கெட் பில்களை வைத்து உமா கர்மார்க்கரும் பிரையன் போலிஞ்சரும் 2015-இல் எழுதிய ஆய்விலும் இதேதான் வந்தது. சொந்தப் பை கொண்டுவருகிறவர்கள் இயற்கை விளைபொருளையும் கூடுதலாக வாங்குகிறார்கள், தின்பண்டத்தையும் கூடுதலாக வாங்குகிறார்கள். ஒரு நல்லது செய்ததும் மனம் தனக்கொரு பரிசு கேட்கிறது. துணிப்பைக்குள் ஐந்து பிளாஸ்டிக் பாக்கெட் போகிறது. இதற்கு எங்களிடம் மாற்று எதுவும் இல்லை.

ராகியைப் பற்றி ஒரு பக்கம்

2023 மே மாதம் முதல் தருமபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ ராகி கொடுக்கிறார்கள். எங்கள் மாவட்டத்திலும் கிருஷ்ணகிரியிலும் விளைவது, களியும் கூழுமாக எங்கள் ஊரை வளர்த்தது. நெல்லுச் சோறு விசேஷ நாளுக்கு, களி மற்ற நாளுக்கு என்று இருந்த காலத்தின் நினைவு இன்னும் போகவில்லை. அதனால் ரேஷன் ராகியைக் கோழிக்குப் போடுகிறேன் என்று சொன்ன ஒருவர், அதே வாரம் எங்கள் கடையில் பளபளக்கும் பாக்கெட்டில் ராகி மாவு வாங்கினார். பாக்கெட்டும் விலையும் அதே தானியத்துக்கு வேறு சாதி கொடுத்துவிட்டன. இதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த முறை அவர் வந்தபோது அண்ணன், "ரேஷன் ராகியைக் கொண்டாங்க, பக்கத்து மில்லுல அரைச்சு வாங்கித் தரேன்" என்றார். கொண்டுவந்தார்.

இப்போது

ஹைட்ரோஸ் போடாமல் வாரம் ஒரு கொப்பரை காய்ச்ச ஆலைக்காரர் சம்மதித்திருக்கிறார். மண்டிக்கு அனுப்பி விலை குறைந்தால் நஷ்டம் அவர் தலையில் விழும் என்பதால், பாதிப் பணம் முன்கூட்டியே வேண்டும் என்றார். அண்ணன் கொடுத்தார். தட்டு கடையில் இருக்கிறது, அந்த ஒரே வாக்கியமும் இருக்கிறது. கூட்ட நேரத்தில் அண்ணன் சில சமயம் மறந்து, ஆளைப் பார்த்து மஞ்சள் கூடைக்குக் கை நீட்டுகிறார். அண்ணி பின்னாலிருந்து "தட்டு" என்று ஒரு வார்த்தை சொல்வார். கை நின்று, தட்டுப் பக்கம் திரும்பும்.

வருகிற பொங்கலுக்கு மஞ்சள் இருபது சிப்பம், கருப்பு நான்கு சிப்பம் என்று ஆர்டர் எழுதியிருந்தார். நேற்று பார்த்தபோது நான்கை அடித்துவிட்டு ஆறு என்று எழுதியிருந்தது.